வெடிப்பலாவும் பாதாளத் தவளையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் பிப்ரவரி பிறந்ததும் பசிக்காலம் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று, நான்கு மாதம் இருக்கும். பழம் தரும் மரங்கள் அந்த நாட்களில் மிகக் குறைவு. அப்போதுதான் களக்காடு மலையிலும் ஆனைமலையிலும் அகத்தியமலையிலும் ஒரு மரம் கிளை தெரியாமல் பூக்கத் தொடங்கும். அதுதான் வெடிப்பலா. சோலைமந்தியும் மலை அணிலும் மரநாயும் வௌவாலும் அதைத் தேடி வரும்.

அதே நாட்களில், அதே மலைத்தொடரின் மண்ணுக்குள், ஓர் ஆள் உயரத்துக்கும் கீழே ஒரு தவளை கரையான் தின்று வாழ்ந்துகொண்டிருக்கும். கேரளத்தில் அதைப் பாதாளத் தவளை என்பார்கள். மாவேலித் தவளை என்றும் சொல்வதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து தன் மக்களைப் பார்க்க வரும் மாவேலி மன்னனைப் போலவே இதுவும் ஆண்டில் ஒருசில நாள் மட்டும் மேலே வந்து போகிறது. மேலே பூத்துக் குலுங்கும் மரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மரத்துக்கும் அதைப் பற்றித் தெரியாது. ஆனாலும் இந்த அத்தியாயத்தில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கப்போகிறேன்.

விலங்கு நகரும், மரம் நகராது என்று பள்ளிப் பாடநூல் போடும் பட்டியல் இங்கே எனக்குத் தேவையில்லை. என் கேள்வி வேறு. ஆண்டின் ஒரு பாதியில் வானம் கொட்டித் தீர்க்கிறது, இன்னொரு பாதியில் கை விரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட மலையில் ஓர் உயிர் தன் வாரிசை எப்போது வெளியே விடுவது? தவளையின் முட்டை உலர்ந்தால் செத்துவிடும். வெடிப்பலாவின் விதையும் அப்படித்தான். நெல்லையும் உளுந்தையும் போலக் காயவைத்துப் பத்திரப்படுத்தக்கூடிய விதை அல்ல அது. ஈரம் போனால் முளைக்கும் திறனும் போய்விடும். பல மழைக்காட்டு மரங்களின் பெரிய விதைகளுக்கு இந்த இயல்பு உண்டு. ஆக, உடலமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு உயிர்களின் வாரிசுகளும் ஒரே வாசல் வழியாகத்தான் உலகத்துக்குள் வந்தாக வேண்டும். அந்த வாசல் பருவமழை. அதை எட்டுவதற்கு இரண்டும் தேர்ந்த வழிகளைப் பார்க்கும்போதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை எவ்வளவு நுட்பமான இடம் என்பது நமக்குப் புரிகிறது.

முதலில் தவளை. 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எஸ். டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுய்ட்டும் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் பேசப்பட்டது. இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த இந்தத் தவளைக்கு நாசிகாபட்ராக்கஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று அவர்கள் பெயரிட்டார்கள். புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடிப்பது தவளை ஆய்வில் அபூர்வமல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது அடிக்கடி நடக்கிறது. இங்கே புதிதாகச் சேர்ந்ததோ ஒரு முழுக் குடும்பம். அப்படி ஒன்று நடப்பது மிக அரிது. ஆனால் மலையில் வாழும் மக்களுக்கு இந்தத் தவளை முன்பே தெரியும். அதன் தலைப்பிரட்டையைப் பாறையிலிருந்து பிய்த்தெடுத்துச் சமைத்துத் தின்றவர்கள் அவர்கள். 2003 என்பது அறிவியல் அதற்குப் பெயர் வைத்த ஆண்டு. அதை அறிந்திருந்தவர்களின் வரலாறு அதைவிடப் பழையது. இதைச் சொல்லாமல் கண்டுபிடிப்பின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

பார்த்தவுடன் தவளை என்று சொல்லிவிட முடியாத உருவம் அதற்கு. உப்பிய உடல், கருமை கலந்த ஊதா நிறம், பளபளக்கும் தோல், குட்டைக் கால்கள், சின்னஞ்சிறு கண்கள், முன்னே கூம்பி நீளும் மூக்கு. பெண் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் இருக்கும். ஆண் அதைவிட மிகச் சிறியது. பின்னங்காலின் உள்ளங்காலில் கெட்டியான ஒரு புடைப்பு இருக்கிறது. அதுதான் அதன் மண்வெட்டி. தலையை மேலே வைத்து, பின்புறமாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். மண்ணில் வாழும் வேறு பல தவளைகள் இரை தேட இரவில் வெளியே வரும். இது அதற்குக்கூட வருவதில்லை. சிறிய வாயும் குறுகிய நாக்கும் கரையான் சுரங்கங்களுக்குள் நுழைத்து இரை எடுப்பதற்கென்றே அமைந்தவை. உணவு, உறைவிடம், ஈரம் மூன்றும் மண்ணுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன. கிடைக்காதது ஒன்றே ஒன்று: முட்டையிட ஓடும் நீர்.

அதனால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ கோடை மழை இறங்கும்போது அதன் உலகம் மாறுகிறது. ஆண் தவளைகள் மேல்மண்ணுக்கு வந்து, இன்னும் மண்ணுக்குள் இருந்தபடியே கூப்பிடத் தொடங்கும். காலடியில் எங்கோ கோழி கொக்கரிப்பது போலக் கேட்கும். குனிந்து தேடினால் ஈர மண்ணைத் தவிர எதுவும் தென்படாது. பிறகு பெண் வெளியே வரும். அளவில் சிறிய ஆண் அதன் முதுகின் பின்பகுதியைப் பற்றிக்கொள்ள, அதைச் சுமந்தபடியே பெண் ஓடைக்குப் போகும். வறண்ட மாதங்களில் வெறும் கல்லாகக் கிடந்து, மழை வந்ததும் உயிர் பெறும் சிற்றோடை அது. பாறை இடுக்கில் சில ஆயிரம் முட்டைகளை இட்டுவிட்டுத் தவளை மண்ணுக்குத் திரும்பிவிடும். அடுத்த ஆண்டு மழைவரைக்கும் அதை யாரும் பார்க்க முடியாது.

இந்தத் தவளையின் வாழ்க்கையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதற்குப் பின் நடப்பதுதான். பொதுவாகத் தலைப்பிரட்டை என்றால் குட்டையில் வாலாட்டித் திரிவதாகத்தான் நினைப்போம். பாதாளத் தவளையின் தலைப்பிரட்டைக்கு அடிப்புறத்தில் உறிஞ்சி ஒட்டும் வாய் உண்டு. ஜூன், ஜூலை மழையில் மலையோடை உறுமிக்கொண்டு இறங்கும்போது அது பாறையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாறையின் மீது படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஓடும் நீரின் வேகத்தில் பல மீன்களாலேயே நிற்க முடியாத இடத்தில் விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சு மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ 100 நாளில் கால் முளைத்து, வால் சுருங்கி, கரையேறி மண்ணுக்குள் போய்விடும். இருளும் அமைதியும் நிறைந்த நெடிய வாழ்நாளுக்கு முன்னால் இரைச்சலும் வெளிச்சமும் கொண்ட ஒரே ஒரு மழைக்காலம்.

இந்தக் கணக்கில் தவளையால் இடம் கொடுக்க முடியாத ஒரு விஷயம் உண்டு: தாமதம். மழை தொடங்கிய முதல் நாட்களில் முட்டையிட்டால்தான் ஓடை வற்றுவதற்குள் குஞ்சு தவளையாக முடியும். முன்கூட்டி வந்து, பின் மழை பொய்த்தால் முட்டை உலரும். பிந்தினால் பெருவெள்ளம் முட்டையை அடித்துக்கொண்டு போகும். ஆண்டின் மொத்தப் பந்தயத்தையும் ஒருசில இரவுகள்மீது வைக்கும் உயிர் இது.

இப்போது மரத்துக்கு வருவோம். தாவரவியலில் இதன் பெயர் குல்லெனியா எக்ஸாரில்லாட்டா. பெயரில் பலா இருந்தாலும் பலாவுக்கு உறவில்லை. பருத்தி, செம்பருத்தி, இலவம் ஆகியவை அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குள் தென்கிழக்கு ஆசியாவின் டுரியனுக்கு மிக நெருங்கியது. 30 மீட்டருக்கு மேல் ஓங்கி வளர்ந்து காட்டின் மேற்கூரையில் இடம்பிடிக்கும். இலையின் அடிப்புறம் வெள்ளியும் செம்புமாக மின்னும். காற்றடிக்கும்போது தொலைவிலிருந்தே மரத்தை அடையாளம் சொல்லிவிடலாம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் ழான் பியேர் பஸ்கால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளை வகைப்படுத்தினார். தெற்கே 700 முதல் 1400 மீட்டர் உயரம்வரை உள்ள பசுமைமாறாக் காட்டுக்கு அவர் வைத்த பெயரிலேயே மூன்று மரங்கள் இருக்கின்றன: வெடிப்பலா, நாங்கு, பாலி. அதாவது, இந்த மரம் காட்டில் இருக்கும் ஒரு மரம் என்பதைவிட, அந்தக் காட்டை அந்தக் காடாக்கும் மரம் என்பதே சரி.

இதன் பூவுக்கு அல்லி இதழ் கிடையாது. பழுப்பும் மஞ்சளும் கலந்த, விரல் நீளக் குழாய்கள் கொத்துக்கொத்தாக, நேரடியாகத் தடித்த கிளைகளிலேயே பூக்கும். கண்ணைக் கவரும் நிறமில்லை. ஆனால் புல்லிவட்டம் சதைப்பற்று மிக்கது. விலங்குகளுக்கு அதுதான் தீனி. களக்காடு மலையின் கக்காச்சியில் 1990களில் டி. கணேஷ், எம். சௌபத்ரா தேவி ஆகியோர் உயரமான மரங்களின் உச்சிக்கு ஏறி இந்தப் பூக்களைத் தேடி வரும் விலங்குகளைக் கண்காணித்தார்கள். பகலில் சோலைமந்தி, கருமந்தி, மலை அணில். இரவில் பறக்கும் அணில், மரநாய், வௌவால் என்று வரிசை நீண்டது. பூவைத் தின்ன வரும் விலங்கு பூவை அழிக்கத்தானே செய்யும் என்று தோன்றும். அழிக்கத்தான் செய்கின்றன. ஆனால் முகத்திலும் மார்பிலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவுவதும் அவைதான். ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கில் பூ. அவற்றில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போனாலும் மீந்தவை காய்க்கப் போதும். உலகில் பெரும்பாலான மரங்கள் தேனீக்கும் வண்டுக்கும் பறவைக்கும் கூலி கொடுக்கும்போது, வெடிப்பலா ஒரு குரங்குக்கும் அணிலுக்கும் கூலி கொடுக்கிறது. அதையும் தன் பூவையே தின்னக் கொடுத்து நிறைவேற்றுகிறது.

டுரியனோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலக்கமாகும். டுரியன் விதையைச் சுற்றியுள்ள சதைதான் நாம் தின்னும் பகுதி. வாசனைக்கும் சர்ச்சைக்கும் பெயர்போன அந்தச் சதையைத் தேடி ஒராங்குட்டான்கூட வரும். வெடிப்பலாவின் பழத்தில் அந்தச் சதை கிடையாது. பந்தளவில் முள்ளடர்ந்த ஓடு, முற்றியதும் வெடித்துப் பிளக்கும். உள்ளே பழுப்பு நிறக் கொட்டைகள் மட்டுமே. கனி கொடுத்து விலங்கை அழைக்கும் வேலையை டுரியன் பழத்தில் செய்கிறது. வெடிப்பலா அதையே பூவில் செய்துவிடுகிறது. பழம் தின்ன வருபவர்களுக்குக் கிடைப்பது விதைதான். சோலைமந்தி முள் ஓட்டைக் கடித்துப் பிளந்து பச்சைக் கொட்டையைத் தின்னும். மார்ச் மாதத்தில் மரத்துக்கு உதவிய அதே வாய், ஜூலையில் மரத்தின் வாரிசைத் தின்கிறது. மரம் இதற்கும் சேர்த்துத்தான் காய்க்கிறது.

சோலைமந்தியின் வாழ்வில் இந்த மரத்தின் இடம் எவ்வளவு பெரியது என்பதை 1970களில் அஷம்பு மலைகளில் ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் செய்த ஆய்வு காட்டியது. அவர்கள் பின்தொடர்ந்த கூட்டங்களுக்கு வெடிப்பலாவே முதன்மையான உணவு மரம். 1976-இல் களக்காடு சரணாலயம் அமைந்ததற்குச் சோலைமந்தியே காரணம். சைலன்ட் வேலி அணைத் திட்டத்தை எதிர்த்துக் கேரளத்தில் மக்கள் திரண்டபோதும் அந்தக் குரங்கே போராட்டத்தின் முகமானது. 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுவரொட்டியில் குரங்கின் படம் இருந்தது. அந்தக் குரங்குக்குச் சோறு போட்ட மரத்தின் படத்தை யாரும் அச்சிடவில்லை. மரங்களுக்கு இந்த அநியாயம் தொடர்ந்து நடக்கிறது என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

இரண்டையும் இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வறண்ட மாதங்களைத் தவளை எதிர்கொள்ளும் வழி, அந்த மாதங்களிலிருந்து விலகிப் போவது. மண்ணுக்குக் கீழே மார்ச் மாதமும் நவம்பரும் ஏறத்தாழ ஒன்றுதான். மரத்தால் விலக முடியாது. வேர் போட்ட இடத்திலேயே நின்று வெயிலை வாங்கிக்கொள்ள வேண்டும். அது அந்தக் கட்டாயத்தையே வாய்ப்பாக மாற்றிக்கொள்கிறது. மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும் மாதத்தில் பூத்தால் பசித்த விலங்குகள் அத்தனையும் தன்னிடம்தான் வரும் அல்லவா? பூ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சியில் பூத்தால், காய் முற்றி வெடிக்கும் காலம் தென்மேற்குப் பருவமழைக்குள் விழும். உலர்ந்தால் சாகும் விதை ஈர மண்ணில் விழுந்து உடனே முளைவிடும். தவளை முட்டையிட மழை வரும்வரை காத்திருக்கிறது. மரம் மழை வருவதற்குப் பல மாதம் முன்பே வேலையைத் தொடங்கி, மழைக்குச் சரியாகக் கொண்டுபோய் முடிக்கிறது. ஒன்று மழையைக் கேட்டுப் புறப்படுகிறது, மற்றொன்று மழையை எதிர்பார்த்துப் புறப்படுகிறது. போய்ச் சேரும் மாதங்கள் ஒன்றே: ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மாதங்களில் ஓடைப் பாறையில் தலைப்பிரட்டையும் அதற்கு மேலே சரிவில் முளைவிட்ட வெடிப்பலாக் கொட்டையும் ஒரே மழையில் வளர்கின்றன.

வேறுபாடு துணை தேடுவதிலும் இருக்கிறது. தவளைக்கு மூன்றாம் ஆள் தேவையில்லை. ஆணும் பெண்ணும் சந்தித்தால் போதும். மீதியை நீரும் பாறையும் பார்த்துக்கொள்ளும். மரம் தனியாக எதுவும் செய்ய முடியாது. சுற்றியுள்ள விலங்குகள் அனைத்தும் அதன் இனப்பெருக்கத்தின் பகுதி. அவற்றை வேட்டையாடித் தீர்த்தால் மரம் நின்றுகொண்டே இருக்கும், பூக்கவும் செய்யும். ஆனால் காய் பிடிப்பது குறையும். காடு பசுமையாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நின்றுபோயிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது. காட்டை ஹெக்டேரில் மட்டும் அளப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். மரத்தின் உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் பட்டுப்போன அடிமரமும் கரையானுக்கு உணவு. கரையான் தவளைக்கு உணவு. இரண்டின் வாழ்விட எல்லையும் முழுவதும் ஒன்றல்ல. தவளை தாழ்ந்த சரிவுகளிலும் ஏலத்தோட்டங்களை ஒட்டிய இடங்களிலும்கூட வாழ்கிறது. ஆனால் இரண்டும் கலந்து வாழும் சரிவுகளில், உச்சிக் கூரையில் விழும் வெயில் இலையாகி, கட்டையாகி, கரையானாகி, கடைசியில் வளர்ந்த பிறகு வெயிலையே ஏறத்தாழப் பார்க்காத ஓர் உயிரின் வயிற்றுக்குப் போய்ச்சேருகிறது.

உறவினர்களைத் தேடிப் போனால் இரண்டும் எதிரெதிர் திசைக்கு நம்மை அழைத்துப்போகின்றன. தவளையின் மிக நெருங்கிய உறவுகள் அரபிக் கடலுக்கும் அப்பால், 3000 கிலோமீட்டர் அளவு தொலைவில் உள்ள செய்ஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. சூக்ளோசிடே என்னும் அந்தக் குடும்பத்தில் நான்கே இனங்கள். அவற்றில் ஒன்று, கார்டினர் தவளை, வளர்ந்த பிறகும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். நகத்தின் மேல் உட்காரும். நடுக்காது இல்லாத அது வாய்க்குழியின் உதவியால் ஒலியைக் கேட்கிறது என்று 2013-இல் கண்டறியப்பட்டது. அங்கே ஓர் இனம் தன் குஞ்சுகளை முதுகில் சுமக்கிறது. இன்னொன்று பனை மட்டைகளின் இடுக்கில் குடியிருக்கிறது. இந்தக் குள்ளர்களுக்கும் நம் மண்வாழ் தவளைக்கும் உறவு என்று உருவத்தை வைத்து யாரும் சொல்லியிருக்க முடியாது. மரபணு சொன்னது. 2003 கட்டுரையின் கணக்குப்படி இரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 13 கோடி ஆண்டு ஆகிறது. பின்வந்த கணக்குகளில் இது குறைந்தும் வருகிறது. எந்தக் கணக்கை ஏற்றாலும் இந்தியாவும் செய்ஷெல்ஸும் ஒரே நிலத்துண்டாக இருந்து, கிட்டத்தட்ட 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் விலகிய காலத்தோடு இந்தக் கதை பிணைந்திருக்கிறது. அந்நிலம் வடக்கே மிதந்து ஆசியாவில் மோதி இமயமலை எழுந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

வெடிப்பலாவின் உறவுகள் கிழக்கே இருக்கின்றன. போர்னியோவிலும் மலேயாவிலும் டுரியன் குலம் செழித்திருக்கிறது. இடையில் இலங்கையிலும் இதே பேரினத்து மரங்கள் உண்டு. சிங்கராஜ வனத்தில் அவை நிற்கின்றன. பாதாளத் தவளைக் குடும்பம் இலங்கைக்குப் போகவில்லை. ஒரே சரிவில் நிற்கும் இரண்டு உயிர்களில் ஒன்று மேற்குக் கடலைச் சுட்டுகிறது, மற்றொன்று கிழக்குக் கடலைச் சுட்டுகிறது. நாம் பூர்வீகம் என்று சொல்லும் இயற்கை, பல திசையிலிருந்து பல காலத்தில் வந்து கூடியது.

மழைக்கும் தவளைக்கும் உள்ள பிணைப்பைக் காட்டும் மிக வலுவான சான்று 2017-இல் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், பாதாளத் தவளைக் குடும்பத்தின் இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. நாசிகாபட்ராக்கஸ் பூபதி என்று அதற்குப் பெயர். கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதியின் நினைவாக வைத்த பெயர் அது. மேற்குச் சரிவுத் தவளை தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. கிழக்குச் சரிவுத் தவளையோ ஐப்பசி, கார்த்திகை மழைக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு வெளியே வருகிறது. மலைமுகட்டின் இருபுறமும் இரண்டு மழை. அந்த இரண்டு மழைக்கும் இரண்டு தவளை. ஒன்று மண்ணுக்குமேல் நடமாடும்போது மற்றொன்று மண்ணுக்குள் இருக்கும். சந்திக்கவே வழியில்லாத இரண்டு கூட்டங்கள் நாளடைவில் இரண்டு இனமாகிவிடுவது இயல்புதானே?

மரத்தால் இப்படி மழைமறைவுப் பக்கத்தின் வறண்ட சரிவுகளுக்கு இறங்க முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வறண்ட மாதங்கள் தெற்கே இரண்டு, மூன்று. மும்பைப் பக்கம் போனால் ஏழு, எட்டு. பசுமைமாறாக் காட்டின் எந்த மரம் எதுவரை போகும் என்பதை மழையின் மொத்த அளவைவிட இந்த மாதக் கணக்கே தீர்மானிக்கிறது என்று பஸ்காலின் ஆய்வு காட்டியது. வெடிப்பலா தாங்கும் வறட்சிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் அது இல்லை. தவளை மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்ததால் மழைமறைவுப் பக்கத்திலும் ஒரு கிளை பிழைத்தது. மரத்துக்கு ஒளியும் வித்தை கிடையாது.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு ஒன்று உண்டு. சரணாலய எல்லைக்குக் கல் நட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். கல் இடத்தைக் காக்கும். மழை வரும் மாதத்தைக் காக்காது. கோடை மழை பெய்து முடிந்து, பருவமழை மூன்று வாரம் பிந்தினால் தவளையின் ஒரு தலைமுறை பாறையிலேயே காய்ந்துபோகலாம். மரம் அந்த ஓர் ஆண்டைத் தாங்கிக்கொள்ளும். அதற்கு அடுத்த ஆண்டும் பூ உண்டு. ஆனால் வறண்ட மாதங்கள் நிரந்தரமாக நீண்டுகொண்டே போனால் தவளை கீழே இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொள்ளும், மரத்துக்கு இறங்க இடமில்லை. ஒரே மாற்றம் ஒன்றை உடனே அடிக்கும், மற்றொன்றை மெதுவாக அடிக்கும்.

மழை வரும் நாளை நாம் மாற்ற முடியாது. மழை வந்த பிறகு ஓடையில் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பாதாளத் தவளை முட்டையிடுவது பெரிய ஆறுகளில் அல்ல, ஆண்டின் பாதி நாள் வெறும் பள்ளமாகக் கிடக்கும் சிற்றோடைகளில். சாலை போடும்போது மண்ணைத் தள்ளுவதும், தோட்டத்துக்குத் தண்ணீர் தேக்கத் தடுப்பணை கட்டுவதும், பூச்சிமருந்துக் குழாயைக் கழுவுவதும் இந்த ஓடைகளில்தான். ஓடை தேங்கிய குட்டையானால் பாறையைக் கவ்வி வாழும் தலைப்பிரட்டைக்கு அங்கே வேலையில்லை. தலைப்பிரட்டைகளைப் பெருமளவில் உணவுக்காகச் சேகரிப்பதும் இந்தத் தவளைக்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பழங்குடிகளின் பழக்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் தடுப்பணையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நேர்மையாகாது.

மரத்தைப் பொறுத்தவரை நம்பிக்கை தரும் வேலை வால்பாறையில் நடக்கிறது. தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக எஞ்சிய மழைக்காடுகளில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 20 ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் மரக்கன்றுகளை நட்டுவருகிறது. வெடிப்பலாவும் அவற்றில் ஒன்று. உலர்ந்தால் சாகும் விதை என்பதால் இதை விதை வங்கியில் வைத்திருந்து வேண்டும்போது எடுத்து நட முடியாது. மழையில் விழுந்த கொட்டையை அந்த மழையிலேயே பொறுக்கி, நாற்றங்காலில் போட்டு, கன்றாக்கி, பிறகு காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை பொறுமை வேண்டிய வேலை இது என்பதைச் செய்பவர்களே அறிவார்கள்.

கம்பம், குமுளி, போடிமெட்டு, வால்பாறை, மாஞ்சோலைப் பக்கம் தோட்டமோ நிலமோ வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்க நேர்ந்தால் இரண்டு வேண்டுகோள். உங்கள் எல்லைக்குள் பழைய வெடிப்பலா ஒன்று நின்றால், நிழல் அதிகம் என்று அதை வெட்டாதீர்கள். சோலைமந்திக்கு மார்ச் மாதச் சாப்பாடு அது. கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையைப் பயனற்றது என்று மூடாதீர்கள். செய்தே ஆக வேண்டிய வேலை எதுவாக இருந்தாலும், மேற்குச் சரிவில் ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரையும் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும் அந்த ஓடையில் கை வைக்காதீர்கள்.